ஊதா நிறக் கைக்கும் வலிக்கும்

விரல் நுனியில் மாட்டும் அந்தச் சின்னக் கிளிப்பைக் கொரோனா காலத்தில் பார்க்காதவர்கள் குறைவு. பல்ஸ் ஆக்சிமீட்டர். மாட்டிய சில நொடிகளில் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டிவிடும். யாரை மருத்துவமனையில் சேர்ப்பது, யாரை வீட்டிலேயே இருக்கச் சொல்வது, யாருக்கு ஆக்சிஜன் கொடுப்பது என்று உலகம் முழுக்க அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள்.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களை எடுத்துக்கொண்டு, அதே சமயத்தில் தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தின் பரிசோதனை முடிவோடு ஒப்பிட்டார்கள். உண்மையான அளவு 88 சதவீதத்துக்கும் கீழே கிடந்தது வெள்ளை நோயாளிகளிடம் 3.6 சதவீதம். கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். அதாவது, மூச்சுக்குத் தவிக்கும் உடம்பைப் பார்த்து "பரவாயில்லை" என்று கருவி சொன்னது கறுப்பினத்தவர் விஷயத்தில் ஏறக்குறைய 3 மடங்கு அதிகம்.

கருவிக்கு வெறுப்பு கிடையாது. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் பாய்ச்சி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கணக்கிடுகிறது. ஆக்சிஜன் உள்ள ரத்தம் ஒரு மாதிரி உறிஞ்சும், இல்லாத ரத்தம் வேறு மாதிரி. ஆனால் தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினும் ஒளியை உறிஞ்சுகிறது. கருவியை அளவு திருத்தி அமைத்தபோது, பரிசோதனைக்குக் கை நீட்டியவர்களில் பெரும்பாலானோர் வெளிர்தோல் உள்ளவர்கள். அவர்கள் விரல்தான் 'விரல்' ஆயிற்று. இத்தனைக்கும் கறுப்பின நோயாளிகளிடம் கருவி பிழையாகக் காட்டுகிறது என்று 1990லேயே ஓர் ஆய்வு எழுதியிருந்தது. 30 வருடம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது பழைய ஃபிலிம் சுருள். காரணம் இருக்கிறது. கலர் ஃபிலிம் புழக்கத்தில் இருந்த காலத்தில், கோடாக் நிறுவனம் ஃபோட்டோ லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். வெள்ளைத் தோலும் பளிச்சென்ற உடையுமாக ஒரு பெண். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் முகம் சரியாக வந்தால் நிறங்கள் சரி என்று அர்த்தம். பள்ளிக்கூட குரூப் ஃபோட்டோவில் வெள்ளைப் பிள்ளைகளின் முகமெல்லாம் தெளிவாக இருக்க, பக்கத்தில் நின்ற கறுப்பினப் பிள்ளையின் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். தாய்மார்கள் புகார் சொன்னார்கள். ஆனால் அடர்நிறங்களைத் துல்லியமாகக் காட்ட ஃபிலிம் மேம்படுத்தப்பட்டதற்குப் பெரிய தூண்டுதலாக இருந்தது வேறு புகார்: சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பழுப்பு நிறங்கள் விளம்பரத்தில் வித்தியாசம் தெரியாமல் போகின்றன என்று சொன்னார்கள். தேக்குக்கும் வால்நட்டுக்கும் வித்தியாசம் தெரியவேண்டும் என்பதற்காகச் செய்த திருத்தத்தில்தான் அந்தக் குழந்தைகளின் முகமும் தெரிய ஆரம்பித்தது. நினைத்தாலே மனம் கனக்கிறது.

இரண்டு கருவிகள், இரண்டுமே ஒளியை வைத்து வேலை செய்பவை, இரண்டிலும் ஒரே தவறு. நிறவெறி என்றவுடன் நாம் வசைச்சொல்லையும் அடிதடியையும்தான் நினைக்கிறோம். அவை இல்லாமலேயே, யாரும் யாரையும் திட்டாமலேயே, ஒரு சாராரின் முகமும் மூச்சும் கண்ணுக்குத் தப்பிவிட முடியும். பிறர் வலி நமக்குப் புரியாமல் போவதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

சரி, வலிக்கு வருவோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மருத்துவம் என்ற தொழிலே இந்தப் பழமொழியைத் தாண்டி வர எடுத்த முயற்சிதான். தனக்கு வராத வலியையும் கேட்டு, நம்பி, மருந்து கொடுக்கவேண்டும். அட்லாண்டாவில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில், கை கால் எலும்பு முறிந்து வந்தவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளையரில் 74 சதவீதம் பேருக்கு வலி மருந்து கிடைத்திருந்தது. கறுப்பினத்தவரில் 57 சதவீதம் பேருக்கு. எலும்பு முறிவு எக்ஸ்ரேயில் தெரிகிற விஷயம், "நடிக்கிறார்" என்று சொல்ல வழியில்லை. வலிக்கிறது என்று நோயாளி சொன்னதும் இரு தரப்புப் பதிவேட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் எழுதப்பட்டிருந்தது. காதில் விழுந்திருக்கிறது, எழுதியும் இருக்கிறார்கள். மருந்துதான் போய்ச் சேரவில்லை.

ஏன்? 2016ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 222 வெள்ளை மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் சில வாக்கியங்களைக் கொடுத்து, உண்மையா பொய்யா என்று கேட்டார்கள். கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது, அவர்களுடைய நரம்பு முனைகளுக்கு உணர்ச்சி குறைவு, அவர்கள் ரத்தம் சீக்கிரம் உறையும் என்பது போன்றவை. எல்லாம் பொய். பாதிப் பேர், இவற்றில் ஒன்றையாவது உண்மை என்றோ உண்மையாக இருக்கக்கூடும் என்றோ குறித்தார்கள். அப்படிக் குறித்தவர்கள்தான் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சிகிச்சையிலும் தவறினார்கள். இந்தப் பொய்களை நம்பாதவர்களிடம் சிகிச்சையில் அந்தப் பாரபட்சம் தென்படவில்லை. நம்பியவர்களும் கொடூரமானவர்கள் இல்லை. படித்து, தேர்வெழுதி, நோயாளிக்கு உதவவேண்டும் என்று வந்த இளைஞர்கள்.

தோல் தடிமன் என்கிற கதை எங்கிருந்து வந்தது என்று தேடினால் அடிமை முறைக் காலத்துக்குப் போகவேண்டும். 1851ல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், தப்பி ஓடுகிற அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாக எழுதி அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் சூட்டினார். கூடவே, கறுப்பினத்தவருக்குத் தோல் மரத்துப்போகும் ஒரு நோய் உண்டு என்றும் எழுதினார். சாட்டையடி வலிக்காது என்பதை மருத்துவ மொழியில் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அது. அதற்குச் சற்று முன்பு, 1845க்கும் 1849க்கும் இடையில், அலபாமாவின் மான்ட்கோமரியில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்கள்மேல் பிரசவப் புண்ணுக்கான அறுவை சிகிச்சையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்க்காவுக்கு 30 தடவை. மயக்க மருந்து இல்லாமல். ஈதர் மயக்க மருந்து 1846ல் மருத்துவ உலகுக்குத் தெரிந்த பிறகும் அவர் அதை இந்தப் பெண்களுக்குப் பயன்படுத்தவில்லை. நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை என்று அவருக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை நின்றது. 2018 ஏப்ரலில்தான் அகற்றினார்கள்.

வலியை நம்பாதது நடந்த பிறகு காரணம் தேடிக்கொண்டார்களா, காரணத்தை நம்பியதால் வலியை நம்பவில்லையா? என் எண்ணம், முதலாவதுதான். ஒருவரை வதைத்துக்கொண்டே நிம்மதியாக உறங்க, அவருக்கு வலிக்காது என்று யாராவது புத்தகத்தில் எழுதித் தரவேண்டியிருந்தது. எழுதியவர்கள் போய்விட்டார்கள். எழுதியது பாடத்தின் ஓரங்களில் தங்கிவிட்டது.

இங்கேதான் இத்தாலியில் நடந்த ஒரு பரிசோதனை என்னை மிகவும் யோசிக்கவைத்தது. 2010ல் வெளியானது. ஒருவருடைய கையில் ஊசி குத்துகிற வீடியோவைப் பார்க்கும்போது, பார்ப்பவரின் கைத்தசையிலும் ஒரு சின்ன மாற்றம் நிகழ்கிறது, ஊசி தனக்கே இறங்கியதுபோல. காந்தத் தூண்டல் மூலம் அதை அளக்க முடியும். இத்தாலிய வெள்ளையர்கள் வெள்ளைக் கையில் ஊசி இறங்குவதைப் பார்த்தபோது அந்த மாற்றம் வந்தது. கறுப்புக் கையைப் பார்த்தபோது வரவில்லை. அங்கே வாழும் ஆப்பிரிக்கர்களுக்கு நேர்மாறாக, கறுப்புக் கைக்கு வந்தது, வெள்ளைக் கைக்கு வரவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால், மனிதன் இயல்பே அப்படித்தான், தன் இனத்துக்குத்தான் இரங்குவான் என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆய்வாளர்கள் மூன்றாவதாக ஒரு கையையும் காட்டினார்கள். ஊதா நிறக் கை. உலகில் யாருக்குமே இல்லாத நிறம். அந்தக் கையில் ஊசி இறங்கியபோது இரு தரப்பினரின் கையும் பதறியது.

முன்பின் பார்க்காத நிறத்துக்கு வலிப்பது புரிகிறது, பக்கத்துத் தெருவில் வாழ்பவருக்கு வலிப்பது புரியவில்லை. அப்படியானால் தடுப்பது அந்நியத்தன்மை இல்லை. ஊதாக் கையைப் பற்றி யாரும் நமக்குக் கதை சொல்லி வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

கதை என்றதும் சினிமாவுக்கும் இலக்கியத்துக்கும் வந்துவிட்டோம். இவை ஒத்துணர்வை வளர்க்கின்றன என்று பொதுவாகச் சொல்வோம். நானும் அப்படித்தான் நம்பி வளர்ந்தேன். ஆனால் ஒத்துணர்வு எந்தப் பக்கமும் திரும்பும். 1915ல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' இதற்குப் பெரிய சாட்சி. முகத்துக்குக் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் கறுப்பினத்தவராக வந்து பெண்களைத் துரத்துவார்கள். முகமூடி அணிந்த கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் குதிரையில் விரைந்து வந்து காப்பாற்றும். மாட்டிக்கொண்டவர்களையும் விரைந்து வருகிறவர்களையும் மாற்றி மாற்றிக் காட்டுகிற அந்தப் படத்தொகுப்பு உத்தியில், பார்க்கிறவரின் நெஞ்சு குதிரைக் குளம்போடு சேர்ந்து அடித்துக்கொள்ளும். வெள்ளை மாளிகையில் திரையிட்டார்கள். கறுப்பின உரிமை அமைப்பினர் பல நகரங்களில் எதிர்த்துப் போராடினார்கள். அதே வருடம், செத்துக்கிடந்த அந்தக் கும்பல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில் மறுபடி உயிர்பெற்றது. அரங்கில் ஒத்துணர்வு நிறையவே இருந்தது. கேமரா யார் தோளுக்குப் பின்னால் நின்றதோ அவர்கள்மேல்.

நல்லெண்ணத்தோடு எழுதியதிலும் சிக்கல் உண்டு. ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852ல் வந்து, முதல் வருடத்திலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதிகள் விற்றது. அடிமை முறைக்கு எதிராக ஏராளமான வெள்ளையர்களின் மனதைத் திருப்பியதில் அதற்குப் பங்குண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1949ல் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அந்த நாவலைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். அவர் எழுப்பிய சங்கடத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பொறுமையின் திருவுருவமாக ஒருவரைப் படைத்து, அவருக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு, கண்ணீர் விட்ட நம் நல்ல மனதை நாமே மெச்சிக்கொண்டு எழுந்துபோய்விட முடியும். அந்த மனிதர் கோபப்படுபவராக, ஆசைப்படுபவராக, நம்மை மறுத்துப் பேசுபவராக இருந்தால் அதே கண்ணீர் வருமா? இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கும். ஒத்துணர்வுக்குச் சம உயரம் வேண்டும்.

அந்தச் சம உயரத்துக்கு ஒரு படம் 1950லேயே முயன்றது. ஜோசப் மான்கிவிச் இயக்கிய 'நோ வே அவுட்'. 22 வயதில் சிட்னி பாய்ட்டியே ஓர் இளம் மருத்துவராக நடித்தார். திருடப் போய்ச் சுடப்பட்ட இரண்டு வெள்ளைச் சகோதரர்களை அவரிடம் கொண்டுவருகிறார்கள். ஒருவனுக்கு மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகித்து முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கிறார். அவன் இறந்துவிடுகிறான். மற்றவன் இனவெறியன், "கறுப்பன் என் தம்பியைக் கொன்றுவிட்டான்" என்று ஊரையே கிளப்புகிறான். பிரேதப் பரிசோதனையில் மருத்துவர் சொன்னதுதான் சரி என்று தெரிகிறது, ஆனாலும் வெறுப்பு அடங்கவில்லை. கடைசியில் தன்னைக் கொல்ல வந்தவனின் ரத்தம் வழியும் காலுக்குக் கட்டுப்போட்டு அதே மருத்துவர் காப்பாற்றுகிறார். இதில் எனக்குப் பிடித்தது அந்தக் காப்பாற்றல் இல்லை. நோயைக் கண்டுபிடித்ததில் தன் கணிப்பு சரிதானா என்று அந்த மருத்துவர் தன்னையே கேட்டுக் குமைகிற காட்சிகள்தான். நல்லவன் என்பதற்காக நம் அனுதாபத்தைக் கேட்காமல், வேலை தெரிந்த ஒருவனின் மனக் குழப்பத்துக்குள் நம்மை அழைத்துப்போகிறது படம்.

அப்புறம், நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே. 1958ல் வந்த 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவல் முழுக்க ஒகொன்க்வோ என்ற இக்போ இன மனிதனோடு நாம் வாழ்கிறோம். அவனுடைய முரட்டுத்தனம், பயம், பிள்ளைகள், அவமானம் எல்லாம் தெரியும். அவன் தூக்கில் தொங்கிய பிறகு பிரிட்டிஷ் மாவட்ட அதிகாரி வருகிறார். தான் எழுதப்போகிற புத்தகத்தில் இந்த ஆளைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதலாமோ என்று யோசிக்கிறார். வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார். அத்தனை பக்கங்கள் அவனோடு இருந்துவிட்டு அந்த ஒரு பத்தியைக் கேட்கும்போது நமக்குக் கன்னத்தில் அறை விழுந்ததுபோல இருக்கிறது.

மருத்துவமனையில் தினமும் எழுதப்படுவதும் அந்த ஒரு பத்திதான். கேஸ் ஷீட். நோயாளி நேரில் வருவதற்கு முன்பே அவரைப் பற்றிய பத்தி அடுத்த மருத்துவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சிகாகோவில் 18,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து 2022ல் வெளியிட்ட ஆய்வில், "ஒத்துழைக்க மறுக்கிறார்", "சொன்னதைக் கேட்பதில்லை", "கிளர்ச்சியுடன் இருக்கிறார்" என்பது போன்ற எதிர்மறைச் சொல் ஒன்றாவது இடம்பெறும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரின் குறிப்பில் 2.54 மடங்காக இருந்தது. சொல்தானே என்று விட முடியாது. 2018ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கு வரும் அரிவாள் செல் ரத்தசோகையின் கடும் வலியோடு வந்த ஒரே நோயாளியைப் பற்றி இரண்டு விதமாகக் குறிப்பு எழுதி மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கொடுத்தார்கள். மருத்துவத் தகவல் இரண்டிலும் ஒன்றுதான், தொனி மட்டும் வேறு. சந்தேகத் தொனியில் எழுதியதைப் படித்தவர்களுக்கு நோயாளிமேல் நல்லெண்ணம் குறைந்தது, வலிக்கு அவர்கள் பரிந்துரைத்த மருந்தும் குறைந்தது.

பணமும் புகழும் இருந்தால் இந்தப் பத்தியிலிருந்து தப்பிக்கலாமா? செரீனா வில்லியம்ஸ் 2017ல் சிசேரியனில் குழந்தை பெற்றார். மறுநாள் மூச்சு வாங்கியது. நுரையீரலில் ரத்தக்கட்டி ஏற்கெனவே வந்தவர் என்பதால் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சி.டி. ஸ்கேன் வேண்டும், ரத்தக்கட்டி மருந்து வேண்டும் என்று கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் உளறுகிறார் என்று செவிலியர் நினைத்தார். விடாமல் வற்புறுத்திய பிறகே ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருந்தன. உலகமே அறிந்த ஒரு பெண்ணின் குரலுக்கே இவ்வளவு போராட்டம் தேவைப்பட்டது. 2023ல் அமெரிக்காவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு வெள்ளைத் தாய்மார் மரணம் 14.5, கறுப்பினத் தாய்மார் மரணம் 50.3. இந்த இடைவெளிக்கு வறுமை, காப்பீடு, வசிக்கும் இடம், மற்ற நோய்கள் என்று பல காரணங்கள் உண்டு. சொன்னதை நம்பாததும் அவற்றில் ஒன்று.

நாவல் படித்தால் மருத்துவர் மாறிவிடுவாரா என்று கேட்டால், அவ்வளவு சுலபமாக ஆமாம் சொல்ல எனக்கு மனமில்லை. இலக்கியப் புனைவைக் கொஞ்ச நேரம் படித்தாலே பிறர் மனதை அறியும் திறன் கூடுகிறது என்று 2013ல் ஓர் ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. மற்றவர்கள் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஒரு மாத்திரைபோலக் கதை வேலை செய்யாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ரீட்டா ஷரோன் 2000ல் தொடங்கிய 'கதைவழி மருத்துவம்' செய்வது வேறு. அங்கே மருத்துவ மாணவர்கள் கதையை நிதானமாகப் படித்து, யார் பேசுகிறார்கள், யார் பேச்சு விடுபட்டிருக்கிறது என்று கவனித்து, பிறகு தங்கள் நோயாளிகளைப் பற்றி எழுதிப் பார்க்கிறார்கள். கேட்பதற்கான பயிற்சி அது. வருடக்கணக்கில் செய்யவேண்டியது.

மனம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. அதற்குச் சிறுநீரகக் கணக்கு நல்ல உதாரணம். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு சூத்திரத்தால் கணிப்பார்கள். 1999லிருந்து அந்தச் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஓர் எண்ணால் பெருக்கவேண்டும் என்று இருந்தது. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்ற அனுமானம் காரணமாகச் சொல்லப்பட்டது. 2009 சூத்திரத்தில் அந்த எண் 1.159. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணப்படுவதற்கு இந்தச் சூத்திரத்தின் விடை 20 அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும். கணக்குப்படி 18 வருகிற வெள்ளையர் வரிசையில் நிற்கலாம். அதே 18 கறுப்பினத்தவருக்குப் பெருக்கப்பட்டு ஏறக்குறைய 21 ஆகிவிடும். சிறுநீரகம் அதே அளவு கெட்டிருக்கும், வரிசை மட்டும் கிடையாது. இதில் எந்த மருத்துவரும் மனதில் வெறுப்பு வைத்திருக்கவேண்டியதில்லை. பரிவு மிக்க மருத்துவரின் கணினியும் அதே விடையைத்தான் காட்டியது.

மாணவர்களும் மருத்துவர்களும் பல வருடம் கேள்வி எழுப்பினார்கள். 2021ல் இனம் சேராத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தார்கள். அதோடு நிற்காமல், 2023 முதல் அமெரிக்க மாற்றுறுப்பு மருத்துவமனைகள் பழைய கோப்புகளைத் திறந்து, தவறான கணக்கால் தள்ளிப்போன கறுப்பின நோயாளிகளுக்கு அந்தக் காலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று விதி வந்தது. 14,000க்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் முன்னே வந்தார்கள், சராசரியாக 2 வருடம். நுரையீரல் கொள்ளளவைக் கணிப்பதிலும் இனத்தைச் சேர்க்கவேண்டாம் என்று அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2023ல் சொன்னது. ஆக்சிமீட்டரை இன்னும் நிறைய அடர்தோல் உள்ளவர்களிடம் சோதித்துக் காட்டவேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் வரைவு வழிகாட்டுதல் வெளியிட்டது. நைஜீரியாவைச் சேர்ந்த சிடியபேரே இபே வரைந்த, தாயின் வயிற்றில் இருக்கும் கறுப்பினச் சிசுவின் படம் 2021 டிசம்பரில் உலகம் முழுக்கப் பரவியது. அதுவரை அப்படி ஒரு படத்தைப் பார்த்ததே இல்லை என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். மருத்துவர்களும் எழுதினார்கள்.

கேஸ் ஷீட்டிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில், மருத்துவர் எழுதுகிற குறிப்பை நோயாளி தன் ஃபோனிலேயே உடனே திறந்து படிக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. "வலி இருப்பதாகக் கூறிக்கொள்கிறார்" என்று எழுதக் கை போகும்போது, அதைப் படிக்கப்போகிறவர் எதிரே கட்டிலில் படுத்திருக்கிறார் என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். அச்செபேயின் மாவட்ட அதிகாரிக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.